ஆணிச் சத்தத்தை விட்டு ஓடாதீர்கள்: அமெரிக்கப் பழைய பண்ணை மனைகளில் மெட்டல் டிடெக்டர்

கன்சாஸ், நெப்ராஸ்கா பக்கம் மார்ச் கடைசியில் கிராமத்துச் சாலைகளில் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். கண்ணுக்கு எட்டிய தூரம் வீடே இருக்காது. ஆனால் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, காய்ந்த புல்லுக்கு நடுவே, மஞ்சள் டாஃபடில் பூக்கள் ஒரே வரிசையில் பூத்து நிற்கும். தானாக முளைத்த செடி வரிசை கட்டி நிற்காது. யாரோ தன் முன்வாசல் ஓரமாகக் கிழங்கு ஊன்றியிருக்கிறார். சுவர் விழுந்து, மரமெல்லாம் மக்கிப்போன பிறகும் அந்தக் கிழங்குகள் வருஷா வருஷம் பூக்கின்றன. மெட்டல் டிடெக்டரோடு பழைய மனைகளைத் தேடுகிறவருக்கு அதுதான் முதல் அடையாளம்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களில் சிலர் ஆசையாக ஒரு டிடெக்டர் வாங்கி, பக்கத்துப் பூங்காவில் நாலு நாள் அலுமினியக் குப்பையைத் தோண்டிவிட்டு, கராஜில் மாட்டிவிடுகிறார்கள். அவர்களுக்கும், இனிமேல் வாங்கப் போகிறவர்களுக்கும்தான் இது. முக்கியமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய மனையில் கருவி விடாமல் இரும்பு இரும்பு என்று கத்தும்போது, 'இங்கே வெறும் ஆணிதான்' என்று நகர்ந்து போய்விடாதீர்கள். ஆணி குவிந்திருக்கும் இடத்தில்தான் வீடு இருந்தது. அந்த வீட்டைச் சுற்றித்தான் மனிதர்கள் தங்கள் பொருட்களைத் தொலைத்தார்கள்.

இந்த மனைகள் எப்படி உண்டாயின

1862 மே 20 அன்று ஆபிரகாம் லிங்கன் ஹோம்ஸ்டெட் சட்டத்தில் கையெழுத்திட்டார். மொத்தம் 18 டாலர் கட்டணம் கட்டி, 160 ஏக்கரில் வீடு கட்டி, பயிர் செய்து, ஐந்து வருஷம் குடியிருந்தால் நிலம் சொந்தம். 1863 ஜனவரி 1, சட்டம் நடைமுறைக்கு வந்த அன்றே நெப்ராஸ்காவில் டேனியல் ஃப்ரீமன் என்பவர் மனுச் செய்தார். இந்தச் சட்டத்தின் கீழ் கடைசியில் சுமார் 16 லட்சம் பேருக்கு 27 கோடி ஏக்கர் கொடுக்கப்பட்டது. நாட்டின் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதெல்லாம் பூர்வகுடி மக்கள் வாழ்ந்த மண் என்பதையும் மறக்கக் கூடாது.

வந்தவர்கள் எல்லோரும் நிலைக்கவில்லை. வறட்சி, கடன், 1930-களின் புழுதிப் புயல், பிறகு டிராக்டர் வந்து சின்னப் பண்ணைகள் பெரியவற்றோடு சேர்ந்தது என்று பல காரணங்கள். வீடுகள் காலியாகி, விழுந்து, கடைசியில் வயலாகவோ மேய்ச்சல் நிலமாகவோ ஆயின. ஒவ்வொன்றும் ஒரு பாழ்மனை.

தோண்டும் முன் சட்டம்

இதில் மட்டும் 'பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சே வேண்டாம். தேசியப் பூங்காக்களில் தோண்டுவது மட்டுமல்ல, டிடெக்டரைக் கையில் வைத்துக்கொண்டு திரிவதே குற்றம். ஃப்ரீமனின் நிலம் இன்று பியாட்ரிஸ் ஊருக்கு அருகில் தேசிய வரலாற்றுப் பூங்காவாக இருக்கிறது. போய்ப் பாருங்கள், கருவியை வீட்டில் வைத்துவிட்டு. மத்திய அரசு நிலங்களிலும் பூர்வகுடி நிலங்களிலும் 100 வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை எடுப்பது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைக்குக் கொண்டுபோகும். மாநிலப் பூங்காக்களுக்கும் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) பூங்காக்களுக்கும் அவரவர் விதி. அங்கே கேட்காமல் கால் வைக்க வேண்டாம்.

ஆகவே புதியவருக்கு ஒரே வழி, தனியார் நிலம், உரிமையாளரின் எழுத்து அனுமதி. தோண்டும் முன் 811-க்கு அழைத்துவிடுங்கள். புதைந்த எரிவாயு, மின் கம்பிகள் எங்கே போகின்றன என்று இலவசமாகக் குறித்துக் கொடுப்பார்கள். அதற்குச் சில நாள் பிடிக்கும், எனவே முன்கூட்டியே சொல்லுங்கள். மனித எலும்பு என்று சந்தேகம் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி, உரிமையாளரிடமும், கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃபிடமும் சொல்ல வேண்டும். பல பண்ணைகளில் மூலையில் ஒரு குடும்பக் கல்லறை இருக்கும். அந்தப் பக்கமே காயில் (தரைமேல் வீசும் கருவியின் வட்டத் தட்டு) போகக் கூடாது.

ஊருக்குப் போகும்போது தாத்தா வீட்டுத் தோட்டத்தில் இதைச் செய்து பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தியாவில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் எதுவானாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும், சொந்த நிலமாக இருந்தாலும். அங்கே கருவியை எடுத்துப் போகாமல் இருப்பதே நல்லது.

மனையைக் காகிதத்தில் கண்டுபிடியுங்கள்

வயலில் செலவழிக்கும் ஒரு நாளை விட வீட்டில் வரைபடத்தோடு உட்காரும் ஒரு மாலை அதிகம் தரும். இந்தப் பகுதி நிலமெல்லாம் சதுரக் கணக்கு. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 செக்‌ஷன். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். அதில் கால் பங்குதான் ஹோம்ஸ்டெட் கொடுத்த 160 ஏக்கர். இந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால் எந்தப் பழைய ஆவணத்தையும் படிக்கலாம்.

முதலில் மத்திய அரசின் பொது நில அலுவலகப் பதிவேடுகளை இணையத்தில் பாருங்கள். எந்தக் கால்பங்கு யாருக்கு, எந்த வருஷம் பட்டாவானது என்று இருக்கும். ஹோம்ஸ்டெட் பட்டா கைக்கு வரும் முன் பொதுவாக ஐந்து வருஷம் குடியிருந்திருக்க வேண்டும் என்பதால், 1878-இல் அப்படி வந்த பட்டா என்றால் பெரும்பாலும் 1873 வாக்கிலேயே அங்கே அடுப்பு எரிந்திருக்கிறது. பெயர் கிடைத்தால் தேசிய ஆவணக் காப்பகத்தில் அவருடைய நிலக் கோப்பைக் கேட்டு வாங்கலாம். வீடு எத்தனை அடிக்கு எத்தனை அடி, எத்தனை சன்னல், கிணறு உண்டா, எத்தனை ஏக்கர் உழுதார் என்று பக்கத்து நிலத்துக்காரர்கள் சாட்சி சொன்ன தாள்கள் அதில் இருக்கும். எனக்கு இந்தப் பொழுதுபோக்கிலேயே மிகவும் பிடித்த காகிதங்கள் அவை.

அடுத்து கவுண்டி அட்லஸ்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அச்சானவற்றில் வீடுகளைச் சின்னக் கரும்புள்ளியாகவோ சதுரமாகவோ போட்டு, பக்கத்தில் உரிமையாளர் பெயரையும் எழுதியிருப்பார்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் பழைய வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1930-களின் கடைசியில் விவசாயத் துறை எடுத்த வான்படங்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு அவற்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்று கூரை இருந்து இன்று இல்லாத இடம்தான் நீங்கள் தேடுவது.

ஒரு மனையில் பெரும்பாலும் இரண்டு வீடுகள் இருந்திருக்கும். முதலில் வந்தவர்கள் தண்ணீருக்குப் பக்கத்தில், ஓடைக்கரையில், மண்சரிவைக் குடைந்தோ புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கியோ ஒரு சின்னக் குடிலைப் போட்டார்கள். நாலு காசு சேர்ந்ததும் சாலையோரமாகப் பலகை வீடு. வரைபடத்தில் வருவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

அனுமதி கேட்பது

இன்றைய உரிமையாளர் யார் என்று கவுண்டி மதிப்பீட்டாளரின் இணையப் பக்கத்தில் தெரியும். குத்தகைக்காரர் சம்மதம் போதாது, உரிமையாளரே சொல்ல வேண்டும். ஜூனில் கோதுமை அறுவடை, செப்டம்பர் அக்டோபரில் சோளம் என்று அவர்கள் மூச்சு விட நேரமில்லாத மாதங்களில் போய் நிற்காதீர்கள். ஞாயிறு மதியம் நல்ல நேரம். தனியாக, சுத்தமான உடையில், கருவியைக் காரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். கையில் பழைய அட்லஸ் பக்கத்தின் நகல் ஒன்று இருக்கட்டும். 'உங்கள் நிலத்தில் 1880-களில் இங்கே ஒரு வீடு இருந்திருக்கிறது, பார்த்தீர்களா?' என்று தொடங்கினால் பேச்சு தானாக வளரும். பாதிப் பேருக்கு அது அவர்கள் பாட்டனார் வீடாகவே இருக்கும்.

எல்லாக் குழியையும் மூடுவேன், கிடைப்பதை எல்லாம் காட்டுவேன், கேட்டைத் திறந்தபடி விடமாட்டேன் என்று சொல்லி, கிடைப்பதை எப்படிப் பங்கிடுவது என்பதையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும்.

கருவி

தொடங்குபவருக்கு 200 முதல் 400 டாலருக்குள் கிடைக்கும் கருவியே போதும். காரெட், மைன்லேப், நோக்டா மூன்றிலும் நல்ல ஆரம்ப மாடல்கள் உண்டு. அந்தப் பணத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்து ஐந்தாறு அங்குலச் சின்னக் காயில் ஒன்றும், பின்பாயின்டர் ஒன்றும் வாங்கிவிடுங்கள். பின்பாயின்டர் என்பது குழிக்குள் நுழைத்துப் பார்க்கும் கேரட் அளவுக் கருவி. அது இல்லாமல் ஒரு சென்ட்டை மண்ணிலிருந்து பிரிக்க இருபது நிமிடம் போய்விடும். ஹெட்ஃபோன் கட்டாயம். அப்புறம் ஓரத்தில் பல் வைத்த தோண்டும் கத்தி, மண்ணைக் கொட்டி வைக்க ஒரு துணி, கையுறை, குப்பைக்கு ஒரு பை, நல்ல பொருளுக்கு ஒரு சின்ன டப்பா.

கருவி செய்வது இதுதான். காயில் மண்ணுக்குள் மாறும் காந்தப்புலத்தை அனுப்புகிறது. உலோகத்தில் அது சின்ன மின்னோட்டத்தைக் கிளப்புகிறது. அந்த மின்னோட்டத்தின் புலம் கொஞ்சம் தாமதமாகக் காயிலுக்குத் திரும்புகிறது. அந்தத் தாமதம் உலோகத்துக்கு உலோகம் மாறுவதால், கருவி அதை ஒரு எண்ணாகவும் ஒலியாகவும் காட்டுகிறது. இரும்பு அடியில், வெள்ளியும் செம்பும் உச்சியில். நிக்கல் எனப்படும் ஐந்து சென்ட் காசு, தங்க மோதிரம், அலுமினியம் எல்லாம் நடுவில் கலந்து கிடக்கும். எண் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் இன்னொருவர் சொல்லும் எண்ணை நம்பாதீர்கள்.

வீட்டில் ஒரு அட்டையில் நான்கு ஆணிகளை வைத்து, நடுவில் ஒரு செம்பு சென்ட்டை வைத்து, எல்லாத் திசையிலிருந்தும் காயிலை வீசிப் பாருங்கள். சில கோணங்களில் சென்ட் இருப்பதே தெரியாது. சில கோணங்களில் ஒரு நொடி 'டிங்' என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அந்த ஒரு நொடி ஒலியை அடையாளம் காணும் வரை பழகுங்கள். நான் முதல் இரண்டு மாதம் இதைச் செய்யாமல் நேராக வயலுக்குப் போனேன். அப்போது ஒரு மனையில் கடந்துபோன இடங்களிலேயே பிற்பாடு மூன்று நாணயங்கள் கிடைத்தன.

ஆணிகளுக்கு நடுவே

மனைக்குப் போனதும் எதையும் தோண்டாதீர்கள். கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணிலுள்ள தாதுக்களுக்குக் கருவி கத்தாதபடி சரிசெய்வது) செய்துவிட்டு, இரும்பை ஒதுக்கும் வசதியை அணைத்து, எல்லா உலோகமும் கேட்கும்படி வைத்து, பெரிய காயிலோடு இடத்தை நெடுக்காகவும் குறுக்காகவும் நடந்து பாருங்கள். அமைதியாக இருக்கும் நிலம் திடீரென்று சடசடவென்று கத்தத் தொடங்கும்; சில அடிகளில் மறுபடி அமைதியாகும். கத்தல் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஒரு சின்னக் கொடி நடுங்கள். ஒரு மணி நேரத்தில் வீட்டின் வடிவம் கொடிகளாகத் தரையில் எழுந்து நிற்கும். கொஞ்சம் தள்ளி இன்னொரு பெரிய செவ்வகம் வந்தால் அது தானியக் களஞ்சியம்.

இப்போது நாலைந்து ஆணிகளைத் தோண்டிப் பாருங்கள். நான்கு பட்டையாக, நுனியை நோக்கிக் குறுகி வரும் வெட்டு ஆணி என்றால் பெரும்பாலும் 1890-க்கு முந்தைய கட்டடம். வட்டமான கம்பி ஆணி 1880-களிலும் 1890-களிலும் பரவியது. பட்டை ஆணி மட்டுமே இருந்தால் 1859 முதல் 1909 வரை அச்சான இந்தியன் ஹெட் சென்ட்டையும், லிபர்ட்டி என்ற பெண் உருவம் உட்கார்ந்திருக்கும் பழைய வெள்ளிக் காசையும் எதிர்பார்க்கலாம். இரண்டு வகை ஆணியும் கலந்திருந்தால் வீடு நெடுநாள் இருந்திருக்கிறது. 1909-இல் தொடங்கிய கோதுமைக் கதிர் சென்ட், 1913-இன் எருமை நிக்கல், 1916-இன் மெர்குரி டைம் (பத்து சென்ட்) எல்லாம் வரும். 1964 வரையிலான டைமும், கால் டாலர் காசான குவார்ட்டரும் 90 சதவீதம் வெள்ளி.

ஒரு விதிவிலக்கு உண்டு. மண்கட்டி வீட்டில் ஆணி குறைவு. ஓடைக்கரையில் தேடும்போது அந்தப் பலத்த கத்தல் இருக்காது; இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சின்ன முணுமுணுப்புதான். பத்தடிக்குள் பட்டை ஆணி நாலு கிடைத்தாலே நின்று தேடுங்கள்.

வீட்டின் வடிவம் பிடிபட்டதும் சின்னக் காயிலை மாட்டுங்கள். சென்சிடிவிட்டியை (கருவியின் உணர்திறனை) ஒரு படி குறைத்து, மிக மெதுவாக, ஒரு வீச்சுக்கு இரண்டு மூன்று நொடி எடுத்து, காயிலின் பாதி அகலம் மட்டும் முன்னே நகருங்கள். இருபதடிக்கு இருபதடி இடத்துக்கு ஒரு மணி நேரம் ஆனால் சரியான வேகம். இரும்புக் கத்தலுக்குள் ஒரு சின்ன உயர்ந்த ஒலி வந்தால் நின்று, அந்தப் புள்ளியைச் சுற்றிக் கால் பங்கு வட்டம் நடந்து மறுபடி வீசுங்கள். நாணயம் என்றால் ஏதாவது இரண்டு திசையிலாவது அதே இடத்தில் அதே ஒலி வரும். வளைந்த ஆணியும் துருப்பிடித்த தகடும் உயர்ந்த ஒலி கொடுத்து ஏமாற்றும்; ஆனால் திசை மாறினால் ஒலி உடையும், இல்லாவிட்டால் இடம் சில அங்குலம் தள்ளிப் போகும்.

இந்த இரும்புத் தொல்லை கருவியின் பிறப்பிலிருந்தே இருக்கிறது. 1881-இல் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடம்புக்குள் தங்கிய குண்டைக் கண்டுபிடிக்க அலெக்சாண்டர் கிரகாம் பெல் தன் கருவியைக் கொண்டுவந்தார். குண்டு அகப்படவில்லை. படுக்கையின் உலோகச் சுருள்கள் கருவியைக் குழப்பின என்று சொல்வார்கள்.

வீட்டுக்குள்ளே முடித்ததும் வெளியே வாருங்கள். முன்வாசலுக்கும் சாலைக்கும் நடுவே வண்டியிலிருந்து இறங்கி நடந்த பாதை. பெரிய நிழல் மரத்தின் அடி. கைப்பம்பு இருந்த இடம். களஞ்சியத்தின் கதவுப் பக்கம். எனக்கு எப்போதும் கைகொடுப்பது துணி காயப்போட்ட கொடியின் கீழ்ப்புறம். சட்டைப்பையில் மறந்துபோன காசு அங்கேதான் விழுந்தது. இரண்டு இரும்புக் கம்பங்களின் அடிக்கட்டையைத் தேடுங்கள், நடுவே கோடு போட்டதுபோல் பித்தளைப் பொத்தான்கள் கிடைக்கும். லைலாக் புதர் தனியாகப் பின்பக்கம் நின்றால் கழிப்பறையை மறைக்க நட்டதாக இருக்கலாம். வீட்டிலிருந்து அதுவரை போன பாதையை விடாதீர்கள்.

1960-க்கு முன்பே கைவிடப்பட்ட மனை என்றால் ஒரு பெரிய வசதி. குளிர்பான டப்பாவின் இழுப்பு வளையம் 1960-களில்தான் வந்தது. பூங்காவில் நம்மைக் கொல்லும் அந்தக் குப்பை இங்கே இல்லாததால், நடுவில் வரும் ஒலி எல்லாவற்றையும் துணிந்து தோண்டலாம். நிக்கலும் மோதிரமும் அப்படித்தான் கிடைக்கும்.

தோண்டுவதும் மூடுவதும்

புல்தரை என்றால் குதிரை லாட வடிவில் மூன்று பக்கம் வெட்டி, ஒரு பக்கத்தை வேரோடு விட்டு, மூடிபோலத் திருப்புங்கள். நான்கு அங்குலமாவது ஆழமாக வெட்டினால்தான் புல் பிழைக்கும். நாணயம் பெரும்பாலும் எட்டு அங்குலத்துக்குள் இருக்கும். மண்ணைத் துணியில் கொட்டி, பொருளை எடுத்ததும் குழியில் இன்னொரு முறை பின்பாயின்டரை விட்டுப் பாருங்கள். இரண்டாவது காசு கீழே இருப்பது உண்டு. மண்ணைத் திரும்பக் கொட்டி, புல்லை மடித்து, காலால் அழுத்துங்கள். கோடை உச்சத்தில் காய்ந்த புல்தரையைத் தோண்டவே கூடாது, அந்த இடம் வட்டமாகச் செத்துப்போகும். மழைக்குப் பிந்தைய நாள் எல்லா விதத்திலும் நல்லது. எடுத்த ஆணியையும் தகரத்தையும் குழியிலேயே போடாமல் வெளியே கொண்டுபோங்கள். அடுத்த முறை அவற்றின் கீழே மறைந்திருந்தது கேட்கும்.

காசு மட்டும் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். சேணக் கொக்கி, சதங்கை மணி, தையலுக்கு விரலில் மாட்டும் திம்பிள், விளக்குத் திரி மாட்டும் பித்தளைப் பகுதி, பொம்மைக் கார், மவுத் ஆர்கனுக்குள் இருக்கும் துளைபோட்ட பித்தளைத் தகடு இவைதான் பெரும்பாலும் வரும். அந்தத் தகடு ஏறக்குறைய எல்லா மனையிலும் கிடைக்கும். மின்சாரம் வராத வீட்டில் இரவு சாப்பாட்டுக்குப் பின் யாரோ வாசித்திருக்கிறார்கள். ஊறுகாய் ஜாடியின் துத்தநாக மூடி பெரிய வெள்ளிக்காசு போலவே ஒலிக்கும், பழகிக்கொள்ளுங்கள்.

வெள்ளியைத் தண்ணீரில் அலசுவதோடு நிறுத்துங்கள். தேய்த்தால் கோடு விழும், சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள். செம்பைப் பல்குத்தும் குச்சியால் மெதுவாகச் சுரண்டினால் போதும்.

உயிர் பத்திரம்

பழைய மனையில் பாம்பை விடவும் பயப்பட வேண்டியது கையால் வெட்டிய கிணறு. மக்கிய பலகை போட்டு மூடி, மேலே புல் வளர்ந்து, தரை மாதிரியே தெரியும். பள்ளமாகவோ மெத்தென்றோ தோன்றும் இடத்தில் கால் வைக்கும் முன் நீண்ட கம்பியால் குத்திப் பாருங்கள். உரிமையாளரிடம் முதல் நாளே 'கிணறு எங்கே?' என்று கேளுங்கள். தனியாகப் போவதைத் தவிர்க்க முடியாவிட்டால் எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தால் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரலுக்குப் பிறகு உண்ணிகள். காலுறைக்குள் பேண்ட்டைச் செருகி, வீட்டுக்கு வந்ததும் உடம்பு முழுக்கப் பாருங்கள். வேட்டைக் காலத்தில் ஆரஞ்சு நிற மேல்சட்டை கட்டாயம்.

குறிப்பேடு

கடைசியாக, ஒரு நோட்டு. மனையின் வடிவத்தைக் கையால் வரைந்து, எந்தப் பொருள் எங்கே, எத்தனை அங்குலத்தில் என்று அன்றன்றே குறியுங்கள். ஆணியையும் குறியுங்கள், பட்டையா வட்டமா என்று. எனக்கு அனுமதி தந்த ஒரு பண்ணையில் மூன்று வருஷக் குறிப்புகளைப் போன குளிர்காலத்தில் ஒரே தாளில் சேர்த்து வரைந்தேன். சாலையோர வீட்டில் இரண்டு வகை ஆணியும் கலந்திருந்தன. ஆனால் ஓடைப் பக்கம் நான் வழிப்போக்கில் எடுத்துப் பையில் போட்டிருந்த ஏழு ஆணிகளும் பட்டை ஆணிகள், ஏழும் ஒரு பேருந்து நீளத்துக்குள். நிலக் கோப்பில் சாட்சிகள் சொன்ன முதல் குடில் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். உரிமையாளரிடம் அந்தத் தாளைக் காட்டினேன். மார்ச்சில் அந்தப் பக்கத்துப் புல்லை வெட்டி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.